காலியாக விடப்பட்ட கட்டம்: பதினொன்றாம் வகுப்புப் புவியியல் விதிமுறைகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் ஒன்றில் இயங்கும் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் புவியியல் கற்பித்து வருகிறேன். ஒரு கல்வியாண்டின் தொடக்கத்தில் அவ்வகுப்புக்கென நான் வகுத்த விதிமுறைகள் நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பழக்கத்தை மாணவரிடம் வளர்த்துவிட்டன. அது எப்படி நேர்ந்தது, எப்போது என் கண்ணில் பட்டது, எவற்றை மாற்றினேன், எவற்றை மாற்றாமல் விட்டேன் என்பவற்றை, இதே பாடத்தை நடத்தும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று நம்பி இங்கே பதிவு செய்கிறேன். மாணவரையும் பெற்றோரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

வகுப்பில் 34 பேர். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொத்தமங்கலம், புதுவயல் ஆகிய ஊர்களிலிருந்தும் அவற்றை ஒட்டிய சிற்றூர்களிலிருந்தும் பேருந்திலும் மிதிவண்டியிலும் வருபவர்கள். பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என்று புவியின் அமைப்பையும் இயக்கத்தையும் முழுமையாக அறிமுகப்படுத்தும் ஆண்டு அது. கருத்தியலுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண்கள் பிரிகின்றன. அந்தப் பத்தில் ஒரு சிறு பகுதியே நான் கொடுக்கும் பணிகளுக்கு உரியது என்றாலும், மாணவர்கள் அரை மதிப்பெண்ணையும் விட்டுவிட மனமில்லாதவர்கள் என்பதைப் பதினைந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

பாடநூலில் உள்ளதை மாணவர் தம் காலடியிலேயே காண வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இந்த வட்டாரம் அதற்கு மிகவும் ஏற்றது. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் தட்பவெப்பத்தில் பாறையிலுள்ள கரையக்கூடிய பொருள்கள் நீரோடு போய்விட, இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாக எஞ்சி உருவாகும் செம்புராங்கல், எங்கள் ஊர்களில் கோயில் மதிலிலும் ஊருணியின் படிக்கட்டிலும் பழைய கிணறுகளின் உள்சுவரிலும் இருக்கிறது. இதே வகைக் கல்லைப் பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் கண்டு, 1807-இல் வெளியான தம் பயண நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டபின் இறுகும் அதன் இயல்பு, கல்வெட்டும் குடும்பங்களிலிருந்து வரும் என் மாணவர் சிலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே, பாடநூலோடு சேர்த்து ஆண்டு முழுவதும் ஒரு களக்குறிப்பேடு எழுதச் செய்வது என்று முடிவெடுத்தேன். நாள்தோறும் மழையளவும் வாரந்தோறும் கிணற்று நீர்மட்டமும் அதில் பதிவாக வேண்டும்.

ஜூன்: முதல் நாள் கொடுத்த தாள்

முதல் வகுப்பிலேயே, பெற்றோர் கையொப்பமிட்டுத் திருப்ப வேண்டிய இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தேன். வகுப்புக்கு வரும் நேரம், கைப்பேசி, விடுபட்ட தேர்வை எழுதும் முறை என்று வழக்கமான விதிகள் அதில் இருந்தன. அவற்றால் பின்னர் எந்தச் சிக்கலும் எழவில்லை. பெரியவர் ஒருவர் உடனில்லாமல் எந்தக் கிணற்றருகிலும் செல்லக் கூடாது, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றை அளக்கவே கூடாது என்ற விதியும் இருந்தது. அதை இன்றும் ஓர் எழுத்தும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

சிக்கலுக்கு வேராக அமைந்தவை களக்குறிப்பேடு பற்றிய மூன்று விதிகள். குறிப்பேட்டைத் திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மதிப்பெண் குறையும் என்பது முதல் விதி. நிரப்பப்படாத கட்டத்திற்குச் சுழியம் என்பது இரண்டாவது. மாணவர் எழுதும் மழையளவு பள்ளி மழைமானியின் அளவோடு பெரிதும் வேறுபட்டால் அதைப் பிழையாகக் கொண்டு மதிப்பெண் குறைப்பேன் என்பது மூன்றாவது. ஒழுங்கு, விடாமுயற்சி, துல்லியம் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே இவற்றை எழுதினேன். எழுதியபோது ஒன்றிலும் எனக்கு ஐயம் எழவில்லை.

கருவிகளை வகுப்பிலேயே செய்தோம். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் புட்டியின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக்கினோம். அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் இட்டு நீரூற்றி, அந்த நீர்மட்டத்தைச் சுழியக் கோடாகக் கொண்டு அளவுகோல் ஒட்டினோம். கிணற்றுக்கு, அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு நுனியில் இரும்பு நட்டு கட்டிய நைலான் கயிறு. நட்டு நீரைத் தொடும் ஓசை கேட்டதும், கைப்பிடிச் சுவரின் விளிம்பிலிருந்து எத்தனை முடிச்சு என்று எண்ண வேண்டும். வானிலைத் துறை செய்வதுபோல மழையைக் காலை 8.30 மணிக்கு அளந்து, முந்தைய 24 மணி நேரத்துக்கான மழையாக எழுத வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூலை, ஆகஸ்ட்: கண்டவை

முதல் ஆறு வாரங்கள் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தன. குறிப்பேடுகள் உரிய நேரத்தில் வந்தன, கட்டங்கள் நிரம்பியிருந்தன, எண்கள் ஒன்றோடொன்று இசைந்தன. தலைமையாசிரியரிடம் இரண்டு குறிப்பேடுகளைக் காட்டிப் பாராட்டும் பெற்றேன்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு மாலை, பள்ளியிருக்கும் ஊரில் இடியுடன் மழை கொட்டியது. மறுநாள் காலை பள்ளி மழைமானி 18 மில்லிமீட்டர் காட்டியது. அந்த மாதங்களில் எங்கள் பகுதியில் பெய்வது பகல் வெப்பத்தால் எழும் மேகங்கள் மாலையில் பொழியும் மழை. ஓர் ஊரை நனைத்துவிட்டு அடுத்த ஊரைத் தொடாமலே போய்விடும். நான் பள்ளத்தூரில் குடியிருக்கிறேன். அன்று மாலை நான் வீட்டை அடைந்தபோது மொட்டை மாடியில் காயப்போட்ட துணி காய்ந்தபடியே கிடந்தது. இரவிலும் ஒரு துளி விழவில்லை. ஆனால் திங்கட்கிழமை திருத்திய குறிப்பேடுகளில், பள்ளத்தூரிலிருந்து வரும் ஐந்து மாணவரும் அந்த நாளுக்கு 17 அல்லது 18 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தார்கள்.

அன்றிரவு 34 குறிப்பேடுகளையும் மேசையில் பரப்பி முதலிலிருந்து படித்தேன். ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அமர்வில் எழுதப்பட்ட நான்கு வாரப் பதிவுகள் கண்ணில் பட்டன. அவற்றைவிட முக்கியமான ஒன்று கிணற்று நீர்மட்டப் பக்கங்களில் இருந்தது. நாங்கள் அளந்தது விளிம்பிலிருந்து நீர் வரையுள்ள ஆழம் என்பதால், கிணற்றில் நீர் ஏறினால் எண் குறைய வேண்டும். பெரும்பாலான குறிப்பேடுகளில் மழை பெய்த வாரத்தில் எண் கூடியிருந்தது. கயிற்றைக் கிணற்றில் இறக்கிய எவரும் செய்ய முடியாத பிழை அது. மழை பெய்தால் நீர் கூடும், கூடினால் எண்ணும் கூடும் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணித்தவர் மட்டுமே செய்யக்கூடியது. அத்துடன், நீண்ட கோடைக்குப் பின் பெய்யும் முதல் சில மழைகளை வறண்ட மண்ணே உறிஞ்சிக்கொள்வதால் அந்த வாரங்களில் பல கிணறுகளில் மாற்றமே இருக்காது. உண்மையில் அளந்தவர்கள் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஆறு பேரின் பதிவுகளில் அப்படித்தான் இருந்தது: எண் அசையாமல் நின்றிருந்தது. அதற்கு முந்தைய வாரம் அந்த ஆறு பேரில் இருவரிடம், ‘ஏன் மாற்றமே இல்லை, சரியாக அளக்கவில்லையா?’ என்று சிவப்பு மையில் நானே கேட்டிருந்தேன்.

விசாரித்தபோது தெரிந்தவை

மறுநாள் வகுப்பில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நால்வரைத் தனித்தனியே அழைத்துப் பேசினேன். அவர்களில் இருவரின் நிலையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மாணவியின் தாய், சென்னையில் வாழும் ஒரு நகரத்தார் குடும்பத்தின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்பவர். மகள் அளப்பதாகச் சொன்ன கிணறு அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தது. ஜூலையில் பாட்டிக்கு உடல்நலம் குன்றித் தாய் சிவகங்கைக்குப் போய்விட்டதால் சாவி வேறொருவரிடம் போய், வீடு ஐந்து வாரம் பூட்டிக் கிடந்திருக்கிறது. குறிப்பேட்டில் ஐந்து வாரமும் எண்கள் இருந்தன. எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு அந்த மாணவி தலையை நிமிர்த்தாமல் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “வீடு பூட்டியிருந்துச்சு சார். கட்டம் காலியா இருந்தா சுழியம்னு தாள்ல போட்டிருந்தீங்க. அதான் நானா எழுதுனேன்.”

இன்னொருவன் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வரும் மாணவன். ஜூலையில் ஒரு நாள் பள்ளி மழைமானி 12 மில்லிமீட்டர் காட்டியபோது அவன் 31 என்று எழுதியிருந்தான். மூன்றாம் விதிப்படி அதை வட்டமிட்டு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தேன். அதற்குப் பிறகு அவனுடைய எண்கள் பள்ளி எண்களிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகவே இல்லை. இப்போது விசாரித்ததில், அவன் குடியிருக்கும் பழைய வீட்டின் நடு முற்றத்தில் புட்டியை வைத்திருந்தது தெரிந்தது. நான்கு புறமும் நாட்டு ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரியும் முற்றம் அது. வானிலிருந்து விழுந்த மழையோடு கூரையின் ஓரத்திலிருந்து சொட்டியதும் புட்டியில் சேர்ந்திருக்கிறது. அவன் எழுதிய 31 உண்மையான அளவு. வைத்த இடம் மட்டுமே தவறு. அந்த உண்மைக்கு நான் தண்டனை கொடுத்தேன். அதன்பின் அவன் காலையில் பள்ளிக்கு வந்து அலுவலக வாசலிலுள்ள பலகையைப் பார்த்து எழுதியதற்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மற்றொரு செய்தியும் அப்போதுதான் தெரிந்தது. 34 பேரில் திறந்த கிணற்றை அணுகும் வாய்ப்பு 13 பேருக்கு மட்டுமே இருந்தது. மற்ற வீடுகளில் குழாய் நீரோ ஆழ்துளைக் கிணறோதான். மூடிய குழாய்க்குள் முடிச்சுக் கயிற்றை இறக்க வழியில்லை. இதை ஜூன் மாதத்திலேயே ஒரு கேள்வியில் அறிந்திருக்கலாம். ‘செட்டிநாட்டில் கிணறு இல்லாத வீடு ஏது’ என்ற பழைய எண்ணத்தில் நான் கேட்கவே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தலைமையாசிரியரோடும் சக ஆசிரியர் இருவரோடும் கலந்து பேசினேன். பொய்ப் பதிவு செய்த அனைவருக்கும் பணிக்கான மதிப்பெண்ணை முழுவதும் நீக்கிப் பெற்றோரை வரவழைக்க வேண்டும் என்பது ஒருவர் கருத்து. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெயிலில் நடந்துபோய் அளந்த ஆறு பேருக்கும், உட்கார்ந்து எழுதியவர்களுக்கும் ஒரே மதிப்பெண் என்றால் அந்த ஆறு பேருக்கு நாம் செய்வது அநீதி. ஆனால் 34 பேரில் 28 பேர் ஒரே தவற்றைச் செய்திருக்கும்போது, தவறு மாணவரிடம் தொடங்கியதா தாளில் தொடங்கியதா என்று முதலில் கேட்க வேண்டும் என்றேன். அளக்க முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விட்டவன் இழப்பான், கற்பனை எண்ணை எழுதியவன் பெறுவான் என்று எழுதிக் கையொப்பமும் வாங்கியவன் நான். தலைமையாசிரியர் அதை ஏற்றுக்கொண்டு, முடிவை என்னிடமே விட்டார்.

செப்டம்பர் முதல் வாரத்தில், தாளின் அந்த மூன்று விதிகளும் தவறானவை என்று வகுப்பில் நானே சொன்னேன். பிறகு புதிய விதிகளைச் சொன்னேன். அளக்க முடியாத நாளின் கட்டத்தைக் காலியாக விட்டு, ஏன் அளக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் அதற்கு முழு மதிப்பெண். பள்ளி அளவோடு ஒப்பிட்டு மதிப்பெண் குறைப்பது நிறுத்தப்படும். அதற்குப் பதிலாக, புட்டி வைத்த இடத்தைப் படமாக வரைந்து அளந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். எழுதியதை மாற்ற வேண்டுமானால் ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். வெள்ளை மை பூசக் கூடாது. தாமதத்துக்கு வியாழன் வரை குறைப்பு இல்லை. வானிலை நிலையங்களிலும் அளவீடு விடுபடும் நாள்கள் உண்டு, அவற்றை விடுபட்டவை என்றே குறிப்பார்கள், எவரும் நிரப்பி எழுதுவதில்லை என்று விளக்கியபோது பலர் முகத்தில் வியப்பு தெரிந்தது.

கிணறு இல்லாத 21 பேருக்கு ஊருணியைக் கொடுத்தோம். எங்கள் ஊருணிகளுக்கு நாற்புறமும் கல்படிகள் உண்டு. வாரம் ஒருமுறை, நீருக்கு மேலே தெரியும் படிகளைக் கரையில் நின்றபடி எண்ணி எழுதினால் போதும். கயிறும் சாவியும் தேவையில்லை. மூவர் மூவராகச் சென்று தனித்தனியே எண்ணிய பின்பே ஒப்பிட வேண்டும் என்று வைத்தோம். கிணற்று விதியைப் போலவே, பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், படியில் இறங்கக் கூடாது என்பவையும் சேர்ந்தன.

பழைய பதிவுகளை என்ன செய்வது என்பதுதான் கடினமாக இருந்தது. கிழித்துவிடலாம் என்றார்கள் சிலர். நான் இசையவில்லை. தாம் அளக்காதவற்றைத் தாமே கண்டறிந்து ஒற்றைக் கோட்டால் அடித்து, ‘அளக்கவில்லை’ என்று எழுதச் சொன்னேன். அப்படிச் செய்தவர்களுக்கு அந்த மாதங்களுக்கான மதிப்பெண் குறையாது என்றும் உறுதி கூறினேன். உண்மையாக அளந்த ஆறு பேரின் பதிவுகளைக் கொண்டே வகுப்பின் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வரைபடம் வரையப்பட்டது. அவர்கள் பெயர்கள் அதன் கீழே எழுதப்பட்டன. நான் சிவப்பு மையில் கேள்வி கேட்டிருந்த இருவரிடமும் வகுப்பின் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தேன்.

முற்றத்தில் புட்டி வைத்தவனின் 31 மில்லிமீட்டரை ஒரு முழு வகுப்புக்குப் பாடமாக்கினோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் கூரையில் 12 மில்லிமீட்டர் பெய்தால் 1,200 லிட்டர். அந்த நீரை முற்றத்தில் இறக்கி அண்டாக்களிலும் தொட்டிகளிலும் பிடித்து, மிஞ்சியதைக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பிய வீடுகள், தமிழகத்தில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்படுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இங்கே கட்டப்பட்டவை. அவனுடைய புட்டி தன்னை அறியாமலே அந்தக் கூரையை அளந்திருந்தது. அவனே கரும்பலகையில் கணக்கைப் போட்டான்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை

அடுத்து வந்த வாரங்களில் குறிப்பேடுகள் பார்ப்பதற்கு அழகிழந்தன. அடித்தல்களும் காலிக் கட்டங்களும் பெருகின. ‘காய்ச்சல்.’ ‘கயிறு அறுந்துவிட்டது.’ ‘அப்பா வேலைக்குப் போய்விட்டார், துணைக்கு ஆள் இல்லை.’ ‘கிணற்றடியில் பாம்பு கிடந்தது, திரும்பிவிட்டோம்.’ வடகிழக்குப் பருவமழை வலுத்த அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் வரை, 34 குறிப்பேடுகளில் 29-இல் ஒரு காலிக் கட்டமாவது இருந்தது. தமிழக மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் அந்தப் பருவத்தில் ஊருக்கு ஊர் மழையளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதை வகுப்பு முதன்முறையாகத் தன் எண்களிலேயே கண்டது.

ஒரு ஊருணியில் அக்டோபர் தொடக்கத்தில் 11 படிகள் வெளியே தெரிந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் நான்கு. அதே காலத்தில், அந்த ஊருணியை அடுத்திருந்த கிணற்றில் மழை பெய்த சில நாள்களிலேயே நீர் ஏறியது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணற்றில் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே ஏறியது. ஏன் என்ற கேள்வியை நான் எழுப்பவில்லை, மாணவர்களே எழுப்பினார்கள். செம்புராங்கல்லின் துளைகள் வழியே நீர் இறங்குவது, இடையே களிமண் அடுக்கு இருந்தால் தடைபடுவது, ஊருணி நிறைந்தால் பக்கத்துக் கிணறுகள் ஊறுவது ஆகியவற்றை இரண்டு நாள் பேசினோம். முந்தைய ஆண்டுகளில் நிலத்தடி நீர்ப் பாடத்தை நாற்பது நிமிடத்தில் முடித்திருக்கிறேன்.

எல்லாம் சீராக நடந்தது என்று சொல்ல முடியாது. மூன்று மாணவர் புதிய விதியைச் சாக்காகக் கொண்டு வாரந்தோறும் ‘நேரமில்லை’ என்று எழுதினார்கள். நவம்பரில், தொடர்ந்து இரண்டு வாரம் காலியானால் என்னை வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தேன். அவர்களில் ஒருவன் வீட்டுக்கு வருமானம் தேடிப் புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் காலை வேலைக்குப் போவது அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு அளக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றினோம், குறிப்பேட்டிலும் அதைக் குறித்தோம். மற்ற இருவரும் கடைசிவரை அக்கறை காட்டவில்லை. ஒரு பெற்றோர், பொய் எழுதியவர்களை மன்னித்ததால் தன் மகளின் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போனது என்று வந்து பேசினார். வரைபடத்தில் அவர் மகளின் பெயரைக் காட்டினேன். அவர் முழுவதும் சமாதானமாகவில்லை. அந்த வருத்தம் நியாயமானது என்றே இன்றும் எண்ணுகிறேன்.

சாவி இல்லாமல் எண் எழுதிய மாணவி செப்டம்பர் முழுவதும் ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று எழுதிக் காலியாக விட்டாள். அக்டோபரில் தாய் திரும்பிவந்த பிறகு அளந்தாள். மழையால் நீர் ஏறிக்கொண்டே வந்து, ஜனவரி மூன்றாம் வாரத்தில் விளிம்பிலிருந்து 14 அடியில் இருந்தது. அடுத்த வாரம் 18 அடி என்று எழுதியிருந்தாள். அந்த ஆண்டில் அவ்வளவு பெரிய திடீர் இறக்கம் வேறெந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. ஜூலையாக இருந்தால் வட்டமிட்டிருப்பேன். பக்கத்தில் அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘ஆச்சி வீட்டில் தை மாதக் கல்யாணம். மூன்று நாள் வீடு கழுவ மோட்டார் ஓடியது. அம்மாவிடம் கேட்டு எழுதியது. மறுபடி ஏறுகிறதா என்று புதன்கிழமை பார்ப்பேன்.’ புதன்கிழமைக் கட்டத்தில் 16 அடி என்று இருந்தது.

அடுத்த ஆண்டுக்கு மாற்றுபவை

ஜூன் முதல் வாரத்திலேயே, யார் வீட்டில் என்ன நீராதாரம் இருக்கிறது, யாருடைய துணையோடு அளக்க முடியும் என்று கேட்டறிந்த பிறகே பணியைப் பிரித்துக் கொடுப்பேன். ஊருணியை அனைவருக்கும் பொதுவான அளவீடாக வைத்து, கிணற்றை வாய்ப்புள்ளவர்களுக்கு மட்டும் கூடுதலாகத் தருவேன். விளிம்பிலிருந்து ஆழத்தை அளக்கிறோம், நீர் ஏறினால் எண் குறையும் என்பதை ஒரு வாளி நீரையும் கயிற்றையும் வைத்து முதல் நாளே செய்து காட்டுவேன். எத்தனை பேருக்கு அது புரியவில்லை என்பதைக்கூட ஆகஸ்ட் வரை நான் அறியாமல் இருந்தேன். புட்டியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவர் வீட்டிலும் நேரில் பார்க்க இயலாது என்பதால், முதல் மழைக்கு முன்பே இடத்தின் படத்தை வரைந்து காட்டச் சொல்வேன்.

முதல் நாள் தாளில் பெற்றோர் கையொப்பம் கிணற்றுப் பாதுகாப்பு விதிக்கு மட்டுமே இருக்கும். களக்குறிப்பேட்டுக்கான விதிகளை முதல் நாளில் கொடுக்க மாட்டேன். இரண்டு வாரம் மதிப்பெண் இல்லாமல் அளந்து பார்த்து, எங்கெங்கே அளக்க முடியாமல் போகிறது என்று மாணவர் கண்ட பிறகு, அவர்களோடு உட்கார்ந்து எழுதுவதாக இருக்கிறேன்.